ஜாக்கெட் துணிக்குள் கணக்குப் புத்தகம்

டியூஷன் டீச்சர் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: பரீட்சை எழுதுவது பிள்ளை, பாஸாவதும் பிள்ளை, ஃபெயிலாவது மட்டும் டீச்சர். எண்பது வாங்கினால் "அவங்க அப்பா மூளை" என்பார்கள். இருபது வாங்கினால் "அந்த டீச்சர்கிட்ட அனுப்பினதுதான் தப்பு" என்பார்கள். என்னைப் போல முன் அறையில் பாயை விரித்து, சுவரில் கரும்பலகையை மாட்டி, தொண்டை வற்றக் கத்திய சக கைதிகளுக்கு இது புதிதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே மேலே படியுங்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நாங்கள் பட்டாபிராமில், ரயில்வே கேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் காலையில் சென்ட்ரல் வண்டியைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நான் பி.எஸ்ஸி. கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை டியூஷன். அந்த ஒன்றரை மணி நேரமும் வாசலில் செருப்பு மலை. வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டால் தன் வீட்டுக்குள் தாண்டிக் குதித்துத்தான் நுழைவார். பாவம், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிறகு சுளித்தார், அதற்குக் காரணம் செருப்பு இல்லை, ஜாக்கெட். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிவப்புக் கட்டம்

பரீட்சைக்குத் தயாராவதில் முதல் கட்டம் டைம் டேபிள் போடுவது. பல பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டமும் அதுதான். எங்கள் தெருக்கோடி வீட்டு ஜெசிந்தா, அரைப் பரீட்சை லீவில் டைம் டேபிள் போட உட்கார்ந்தவள், பொங்கல் கழித்துத்தான் எழுந்தாள். பெரிய சார்ட் பேப்பர். ஆறு கலர் ஸ்கெட்ச் பேனா. நாலு பக்கமும் பூக்கொடி பார்டர். தமிழுக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம், கணக்குக்குச் சிவப்பு. அதைப் பார்த்ததும் எனக்கே மறுபடி பத்தாவது படிக்கலாமா என்று ஆசை வந்தது. மற்ற பிள்ளைகளிடம் காட்டி, "பாருங்க, இப்படி இருக்கணும் பொறுப்பு" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

பத்து நாள் கழித்துக் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் நகரவில்லை. "தினமும் ஏழிலிருந்து எட்டு வரைக்கும் கணக்குன்னு சிவப்புல போட்டிருக்கியே, அந்த ஒரு மணி நேரம் என்னடி பண்றே?" என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் கலங்காமல் சொன்னாள்:

"நம்ம தெருவுல டெய்லி ஏழுலேர்ந்து எட்டு கரண்ட் இருக்காதே டீச்சர், அதான் அந்த டைமைக் கணக்குக்குக் குடுத்துட்டேன்."

துணியைப் பிரித்தால்

அதே வாரம் ஒரு நாள், பிள்ளைகள் போன பிறகு ஜெசிந்தாவின் அம்மா ஸ்டெல்லாக்கா வந்தார். முப்பத்தெட்டு வயது. மிலிட்டரிக்கு யூனிபார்ம் தைக்கிற ஃபாக்டரியில் பதினாறு வருடமாகத் தையல் வேலை. கையில் மடித்த ஊதா நிற ஜாக்கெட் துணி. மகளின் நோட்டைப் பற்றிப் புலம்பத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளையும் போட்டார், துணியைப் பிரித்தார். உள்ளே பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும், மடக்கைக் கணக்குக்கான ஒரு லாக் டேபிளும் இருந்தன.

விஷயம் இதுதான். ஃபாக்டரியில் செக்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தைத்து வரும் உடுப்புகளை உட்கார்ந்து சரிபார்க்கிற வேலை, மெஷின் மிதிக்க வேண்டாம். அவருக்கோ முழங்கால் தேய்ந்துபோய், ராத்திரி தைலம் போடாமல் தூக்கம் கிடையாது. ஆனால் செக்கர் ஆகப் பத்தாவது பாஸ் வேண்டும். தனியாகப் பணம் கட்டி எழுதி எழுதி மற்ற எல்லாப் பாடத்தையும் தாண்டிவிட்டார். கணக்கில் மட்டும் நாலு தடவை அவுட். இந்த மார்ச்சை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். போன தடவை ஃபெயிலானபோது தண்ணிக் குழாயடியில் "இந்த வாட்டி எத்தினி ஸ்டெல்லா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை புருஷனுக்கும் தெரியக் கூடாது, மகளுக்கும் தெரியக் கூடாது. ஆறரையிலிருந்து கரண்ட் போகிற ஏழு மணி வரைக்கும் தினம் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு ஜாக்கெட் துணியைத் திரும்பத் திரும்ப மடித்தார். நான் சரி என்றதும் மனுஷி அடுத்த நொடியே பழைய குறும்புக்குத் திரும்பிவிட்டார்.

"பாஸானா நானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கிறேன் டீச்சர், ஃபெயிலானா நான் உங்களுக்கு ஜாக்கெட் தெச்சிகினு இருந்தேன், அவ்ளோதான்."

கூட விட்டது

கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைக் கரையேற்றுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஜியாமெட்ரி பத்து, கிராஃப் பத்து. கையில் இருபது வந்தாயிற்று. மீதிப் பதினைந்தைக் கணங்களிலும் புள்ளியியலிலும் அங்கங்கே பொறுக்கிக்கொண்டால் முப்பத்தைந்து. ஸ்டெல்லாக்காவுக்கும் அதே வைத்தியத்தை ஆரம்பித்தேன். முதல் நாள் ஜியாமெட்ரி: மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, மையத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து தொடுகோடு வரைய வேண்டும்.

அவர் வரைந்ததைப் பார்த்து அசந்துபோனேன். பென்சில் கோடு அவ்வளவு மெல்லிசு, வட்டம் அவ்வளவு சுத்தம். என் பிள்ளைகளில் ஒருவர்கூட அப்படி வரைந்ததில்லை. தொடுகோட்டை அளந்தால் மட்டும் ஆறு புள்ளி மூன்று வர வேண்டிய இடத்தில் ஆறு புள்ளி ஒன்பது வந்தது. இன்னொரு கணக்கு கொடுத்தேன், அதிலும் கூடுதல். மூன்றாவதிலும் அப்படியே. ஸ்கேல் தேய்ந்துபோயிற்றோ என்று என் ஸ்கேலைக் கொடுத்தேன். அதிலும் அதே கதை. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று என்றால் ஸ்கேலில் மூன்றைத் தொட்டுவிட்டு, விரல் தானாக நாலுக்கு நகர்ந்தது. ஏழு என்றால் எட்டுக்கு நகர்ந்தது. நாலு தடவை ஃபெயிலானதில் இந்தப் பத்து மார்க்கும் ஒவ்வொரு தடவையும் போயிருக்கும்.

"ஏன்க்கா ஒரு சென்டிமீட்டர் கூட எடுக்கறீங்க?" என்று கேட்டேன். ஏதோ நான்தான் விவரமில்லாதவள் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் கேக்குறீங்க, தையலுக்கு உடாம வெட்டுனா நாளைக்கு டைட்டாய்டாதா?"

பூந்தமல்லி சார்

பிப்ரவரி பிறந்தால் படிப்பு நின்றுவிடும். 'இம்பார்ட்டண்ட்' வேட்டை தொடங்கிவிடும். எந்தக் கேள்வி வரும் என்று டீச்சர் குறி சொல்ல வேண்டும். நானும் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் இருபது கணக்குகளைக் கார்பன் வைத்து எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் ஏழாவதாக எழுதிய கணக்கையே பதினைந்தாவதாகவும் எழுதிவிட்டேன். ஒரு பிள்ளையும் கவனிக்கவில்லை. படித்தால்தானே கவனிப்பதற்கு!

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லாக்கா ஜாக்கெட் துணிக்குள்ளிருந்து மடித்த ஜெராக்ஸ் காகிதம் ஒன்றைப் பயபக்தியோடு எடுத்தார். ஃபாக்டரி பஸ்ஸில் குத்தம்பாக்கத்துக்காரர் ஒருவர் கொடுத்தாராம். பூந்தமல்லியில் ஒரு சார் இருக்கிறாராம், அவர் சொன்னால் கேள்வித்தாளில் அப்படியே வருமாம், வெளியே விட மாட்டாராம். பிரித்துப் பார்த்தேன். என் இருபது கணக்குகள். ஏழும் பதினைந்தும் ஒரே கணக்கு. நெமிலிச்சேரி வழியாக எங்கெங்கோ சுற்றி, பெயரையும் ஆளையும் மாற்றிக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்திருந்தது. "அக்கா, இது நான் எழுதினது. பாருங்க, தப்பா ஒரே கணக்கை ரெண்டு தடவை எழுதியிருக்கேன்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பொறாமப்படாதீங்க டீச்சர், அந்த சாரு ரெண்டு வாட்டி போட்டுக்கீறாருன்னா அது கண்டிப்பா வரும்னு அர்த்தம்."

எதிர் வீட்டுக் கண்கள்

தினமும் துணியோடு வந்து துணியோடு போகிற ஒரு பெண்ணைத் தெரு சும்மா விடுமா? எதிர் வீட்டு லோகநாயகி அம்மாள் ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊதா, மஞ்சள், ராமர் பச்சை என்று ஸ்டெல்லாக்கா சந்தேகம் வரக் கூடாதென்று துணியை வேறு மாற்றி மாற்றி எடுத்து வந்தார். போதாக்குறைக்கு, பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று நிஜமாகவே இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். அதை நான் போட்டுக்கொண்டு வெளியே போனது பெரிய தப்பாகப் போயிற்று.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து வரும்போதே முகம் சரியில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சுளித்தார். வழியில் லோகநாயகி அம்மாள் நிறுத்தி விசாரித்திருக்கிறார். நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னார்:

"நாப்பது நாள்ல நாப்பது ஜாக்கெட்டுங்க, புடவைங்களை எப்பக் காட்டப் போறாங்கன்னு உங்க ஊட்டம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க தம்பி."

மறந்துபோன ஜியாமெட்ரி பாக்ஸ்

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்டெல்லாக்காவுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். கடிகாரத்தை எதிரில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று கதவு தட்டப்பட்டது. "டீச்சர், என் ஜியாமெட்ரி பாக்ஸை உட்டுட்டுப் போய்ட்டேன்!" என்று ஜெசிந்தாவின் குரல். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் ஸ்டெல்லாக்கா எழுந்துவிட்டார். விடைத்தாளைப் பாய்மேலேயே போட்டு, அதன்மேல் மஞ்சள் துணியைப் போட்டு, இடுப்பில் சொருகியிருந்த டேப்பை உருவி என் தோளை அளக்க ஆரம்பித்தார். என் கையில் கரண்டி. அப்படியே கரண்டியோடு கையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். டேப்பும் கூடவே வந்தது.

ஜெசிந்தா உள்ளே வந்தாள். குனிந்து பாக்ஸைத் தேடினாள். வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் தேடினாள் என்று இப்போது தோன்றுகிறது. துணிக்கு வெளியே விடைத்தாளின் பாதி நீட்டிக்கொண்டிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். ஸ்டெல்லாக்கா என் தோளை மூன்றாவது தடவையாக அளந்துகொண்டிருந்தார். பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டிய பிறகு அவள் திரும்பி நின்றாள். அம்மாவைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்:

"டீச்சர், நாலாவது கணக்குல மைனஸை உட்டுட்டாங்கன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க."

பிள்ளை யார்?

அம்மாவின் தலையணை உறைக்குள் லாக் டேபிளைப் பார்த்த நாளிலிருந்தே ஜெசிந்தாவுக்குத் தெரியுமாம். அம்மாவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம். அந்த ஒரு வாரமும் கரண்ட் இல்லாத ஏழு மணியில் ஒரே சிம்னி விளக்கில் தாயும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். டைம் டேபிளில் சிவப்புக் கட்டத்துக்கு முதன்முதலாக விடிவு காலம் பிறந்தது. அப்பாவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று ஜெசிந்தாவுக்கு அவள் பள்ளிக்கூடத்திலேயே சென்டர். தனியாக எழுதுகிற ஸ்டெல்லாக்காவுக்கு அம்பத்தூரில். வீட்டில் ஃபாக்டரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஹால் டிக்கெட்டைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு ரயிலேறினார். "தையலுக்கு விடாதீங்க, மூணுன்னா மூணு, ஏழுன்னா ஏழு" என்று நான் வழியனுப்பினேன். திரும்பி வந்து அவர் முதலில் சொன்னது, பூந்தமல்லி சார் இரண்டு தடவை போட்ட கணக்கு வந்துவிட்டதாம். அந்த சார் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷனாம். அடுத்து ஹாலில் நடந்ததைச் சொன்னார். மேற்பார்வைக்கு வந்த வாத்தியாருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இவரைப் பார்த்ததும், "அம்மா, மணி அடிச்சாச்சு, பேரண்ட்ஸெல்லாம் வெளிய போங்க" என்று விரட்டியிருக்கிறார். ஸ்டெல்லாக்கா ஹால் டிக்கெட்டை நீட்டி இப்படிச் சொன்னாராம்:

"நான்தான் சார் புள்ள, எங்கம்மா வரல."

நாற்பது

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலப் பேப்பருக்காக ஸ்டேஷன் வாசலில் அடிதடி. நான் வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் டியூஷனில் பதினான்கு பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். மனசு ஒரே ஒரு நம்பரைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் கடைசி வாய்ப்புக்காகத் தைலம் மணக்கிற முழங்காலோடு என் பாயில் உட்கார்ந்து எழுந்த பெண் ஸ்டெல்லாக்கா ஒருவர்தான். ஏழு மணி சுமாருக்குத் தெருமுனையிலிருந்து ஜெசிந்தா பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "ரெண்டு நம்பரும் கீது! ரெண்டும் கீது டீச்சர்!" என்று அவள் போட்ட கூச்சலில் லோகநாயகி அம்மாள் ஜன்னலிலிருந்து வாசலுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே ஸ்டெல்லாக்கா, நொண்டிக்கொண்டும் ஓடிக்கொண்டும் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். தெருவே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில்தான் அவர் புருஷன் அந்தோணிக்கும் விஷயம் தெரிந்தது. சாட்சிக்குத் தைத்த ஜாக்கெட் கதையையும் கேட்டுவிட்டு அவர், "அப்ப எனக்கு மட்டும் ஏன் ஒரு சட்டைகூடத் தெக்கல?" என்று கேட்டதாக ஜெசிந்தா சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து மார்க் ஷீட் வந்தது. ஸ்டெல்லாக்கா வழக்கம்போல மடித்த ஜாக்கெட் துணியோடு வந்து, வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போய், இனி எதற்கு என்று தானே சிரித்து அகலத் திறந்துவைத்தார். துணிக்குள்ளிருந்து மார்க் ஷீட்டை எடுத்து நீட்டினார். கணக்கில் நாற்பது. மகளுக்கு முப்பத்தெட்டு. அதனால் மூன்று நாளாக ஜெசிந்தா அம்மாவோடு பேசவில்லையாம். அன்று காலையில்தான் ஃபாக்டரியில் செக்கர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் திரும்பத் திரும்ப அந்த நாற்பதையே பார்த்தேன். என் பொறுக்கல் வைத்தியத்தில் முப்பத்தைந்துக்கு மேல் வந்ததாகச் சரித்திரமே இல்லை. "எப்படிக்கா? நான் முப்பத்தஞ்சுக்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்?" என்று கேட்டேன். அவர் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் நாள் ஸ்கேலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாரே, அதே பார்வை பார்த்தார்.

"கரெக்டா முப்பத்தஞ்சு எட்த்தா டைட்டா இருக்கும் டீச்சர், அதான் தையலுக்கு அஞ்சு உட்டேன்."

அன்றிலிருந்து என்னிடம் வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், "தையலுக்கு அஞ்சு விட்டு நாற்பதுக்குப் படி" என்றுதான் சொல்லி வந்தேன், அவர்களும் டீச்சர் மனசு நோகாமல் ஒழுங்காக முப்பத்தைந்து வாங்கி வந்தார்கள்.